வடக்கு அம்பு இருந்த மூலை

காலை ஐந்தேகாலுக்கு நீல நிறப் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, கைக்குட்டையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்காருகிறார் புரொபசர் தீர்த்தகிரி. தலையில் குரங்குக் குல்லா, மடியில் இட்லித் தட்டு. வலது கை சட்னியில் இருக்கும். இடது கையில் ஒரு சின்ன இயந்திரம். கட்டைவிரலால் அமுக்கினால் ‘டிக்’ என்று ஒன்று கூடும். கும்பாபிஷேகத்துக்கு வருகிற கூட்டத்தை எண்ணுவதற்கு வாசலில் ஒருவர் வைத்துக்கொண்டு நிற்பாரே, அதுதான். ஓசூர் சிப்காட் முனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களில் யார் யார் சுகுணாவின் தள்ளுவண்டிக்கு வருகிறார்களோ அவர்களுக்கெல்லாம் ஒரு டிக்.

“நூத்தி நாப்பத்தி மூணு. நேத்துக்கு இன்னைக்கு ஆறு கம்மி. என்னா சுகுணா, மூணாவது பஸ்ஸு வரலியா?”

“பஸ்ஸெல்லாம் வந்துச்சு சார். பீகார் பசங்க ஊருக்குப் போயிருக்கானுங்க. நீங்க எண்றத வுட்டுட்டுத் துண்ணுங்க, இட்லி ஆறுது.”

எண்ணிக்கையைச் சட்டைப் பைக்குள் இருக்கும் குட்டி நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறார். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். “சும்மா, பழக்கம்பா. சில பேரு ஸ்ரீராமஜெயம் எழுதறாங்க, நான் இத எழுதறன்” என்றார். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு பெங்களூர் பஸ் வரும். கையை நீட்டி நிறுத்தி, குல்லாவைக் கழற்றி, பேராசிரியராக மாறி ஏறிவிடுவார். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அந்த பஸ்ஸை விட்டதில்லை. சம்பந்தி இறந்த அன்றுகூட, ஆறு பத்தில் ஏறி அத்திப்பள்ளிவரை போய், அங்கிருந்து திரும்பி வந்து மாலை போட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் மறுக்கவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிப்காட் போகிற வழியில் ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். நடை சுகுணாவின் வண்டியோடு முடிந்துவிடுகிறது. அதனால் சர்க்கரை குறையவில்லை, புரொபசர் கிடைத்தார்.

அவருடைய உத்தியோகம் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் நகர்ப்புவியியல் பேராசிரியர். ஆப்பிரிக்க நகரங்களில் சாமானிய ஜனம் எப்படிப் பிழைக்கிறது, எந்தத் தெருவில் எந்த மூலையில் நின்று பிழைக்கிறது என்பது ஆராய்ச்சி. கம்பாலா, லுசாக்கா, அக்ரா என்று இருபத்தேழு வருடம் அலைந்திருக்கிறார். மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். மூன்றையும் நம்மால் தூக்க முடியும், படிக்க முடியாது. பாரூர் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் வயலுக்கு நாற்று நட்டவர்களின் மகன். முதலில் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்ய மனுப் போட்டாராம். “மாங்காய்க்கு ஒருத்தனும் காசு குடுக்கல. கம்பாலாவுக்குக் குடுத்தான். போனன்” என்பார். ஒரு மனிதனின் தலையெழுத்தை மண்டிக்காரர்கள் எப்படியெல்லாம் மாற்றுகிறார்கள் பாருங்கள்.

சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்பார்கள். “சிங்கத்தப் பாத்தியாப்பா?” அவரும் சலிக்காமல், “பஸ் ஸ்டாண்டுதான் பாத்தன் சித்தப்பா” என்பார். இருபத்தேழு வருடமாகச் சிங்கத்தைப் பார்க்காமல் ஒருவன் ஆப்பிரிக்காவில் என்னதான் செய்கிறான் என்ற சந்தேகம் பாரூரில் இன்னும் தீரவில்லை.

கம்பாலாவில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தெருவில் விற்கிறார்கள். அதற்கு அங்கே பெயர் ரோலெக்ஸ். அந்தப் பட்சணத்தை ஓசூருக்குக் கொண்டுவந்தவர் இவர். சுகுணாவுக்கு வண்டி முன்னால் நின்று செய்முறை சொல்லிக்கொடுத்தார். வடநாட்டுப் பையன்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்றைக்கு அந்த முனையில் “அக்கா, ஏக் புரொபசர்” என்று கேட்டால் முட்டைச் சப்பாத்தி வரும். மூன்று புத்தகங்களும் செய்யாத காரியத்தை ஒரு சப்பாத்தி செய்தது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். கம்பாலாவில் ரோலெக்ஸ் விற்கும் நலுபேகா என்ற அம்மாளுக்கு நாலு பிள்ளைகள். எந்தெந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், மூத்தவளுக்கு எந்தப் பாடம் வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சுகுணாவுக்கு அதையெல்லாம் கதை கதையாகச் சொல்வார். அவளும் தோசையைத் திருப்பியபடியே, “ஐயோ பாவம், கணக்கு வரலீன்னா டியூஷன் வெக்கச் சொல்லுங்க சார்” என்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், அச்சடித்த காகிதம். விசிட்டிங் கார்டை என் கடையில் நாலு தடவை மாற்றி அடித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடும். கடைசியாக அடித்தபோது, தொலைபேசி எண்ணுக்கு இடமில்லாமல் பின்பக்கம் போடலாமா என்று கேட்டேன். “பின்பக்கம் வெள்ளையாவே இருக்கட்டும்பா, அதான் கண்ணியம்” என்றார். தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டோம்.

புத்தகங்களின் மெய்ப்புப் பிரதிகளை என்னிடம்தான் பைண்டிங் போடுவார். போடும்போது பக்கத்தில் நின்று விளக்குவார். இரண்டாவது புத்தகத்தின் நாலாவது அத்தியாயம் எனக்கே மனப்பாடம். ஒரு நகரத்தில் தெருவியாபாரிகளைக் கணக்கெடுக்க ஆபீஸ் நேரத்தில் ஆள் அனுப்பினார்கள். விடியற்காலையில் வந்து வியாபாரம் முடித்துப் போகிறவர்கள் அத்தனை பேரும் கணக்கில் விழவில்லை. கணக்கில் இல்லாதவர்களை அப்புறம் தெருவிலும் இல்லாமல் செய்துவிட்டார்கள். “கடிகாரத்தப் பாக்காம வரையற மேப்பு, கண்ண மூடிக்கினு வரையற மேப்பு” என்று வகுப்பில் வருடா வருடம் சொல்வாராம். வெளிநாட்டுக்காரர்கள்கூட இந்த வரியை மேற்கோள் காட்டுகிறார்களாம். வருகிற ஜூனில் கம்பாலாவில் ஒரு பெரிய மாநாட்டில் இதே விஷயத்தைப் பற்றித் தொடக்க உரை ஆற்றப்போகிறார்.

இப்படிப்பட்டவரைத்தான் இந்த வருடம் பொங்கல் முடிந்ததும் ஊர் கூப்பிட்டது.

சிப்காட் சுற்றுப்பக்கத்துத் தெருவியாபாரிகளையெல்லாம் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, பட்டியலில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பது என்று மாநகராட்சியில் முடிவாயிற்று. பட்டியலில் இல்லாத வண்டி மே முதல் தேதியிலிருந்து அந்த ரோட்டில் நிற்கக் கூடாது. உழைப்பாளர் தினமாகப் பார்த்துத்தான் தேதி குறித்திருக்கிறார்கள். வேலையை ‘நகர்வழி’ என்று ஒரு தனியார் ஏஜென்சி எடுத்தது. நம்ம ஊரிலேயே உலகப் புகழ் வாய்ந்த நிபுணர் ஒருவர் இருக்கிறாரே என்று யாரோ சொல்ல, புரொபசரை ஆலோசகராகப் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். மறுநாள் காலை அந்தச் சால்வையோடுதான் இட்லி சாப்பிட வந்தார்.

“அட்டை வருது சுகுணா. நான் இருக்கறன்ல, இனிமேட்டு ஒருத்தன் உன் வண்டி மேல கை வெக்க முடியாது.”

“உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் சார்” என்று அன்றைக்கு ஒரு முட்டைச் சப்பாத்தியை இலவசமாக வைத்தாள்.

பங்குனியில் அறிக்கை தயார். ஏஜென்சியின் மேற்பார்வையாளர் ஹரீஷ்குமார், இருபத்தாறு வயது, ஒரு கையில் நாற்பது பக்க அறிக்கையும் மறு கையில் சுருட்டிய பெரிய வரைபடமுமாக என் கடைக்கு வந்தான். கடையில் காத்திருந்த புரொபசர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா வெளியே வந்துவிட்டால் எதிரில் இருப்பவன் மாணவன்தான். மூன்று மணி நேரம். அடிக்குறிப்புகள் ஒரே சீராக இல்லை. அட்டவணைத் தலைப்பு மேலே வர வேண்டும், கீழே வந்திருக்கிறது. ஆறாம் பக்கத்தில் ‘கணக்கெடுப்பு நேரம்: காலை 10 முதல் மாலை 5 வரை’ என்று இருந்தது. அங்கேயும் பேனா நின்றது. பத்து, ஐந்து என்று மொட்டையாகப் போடக் கூடாது என்று சொல்லி 10.00, 5.00 என்று திருத்தினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தைப் பிரித்ததும் புரொபசருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“வடக்கு அம்பு எங்கப்பா?”

ஹரீஷ்குமார் விழித்தான். “ஓசூர் மேப்புதானே சார், எல்லாருக்கும் வடக்கு தெரியுமே.”

“தம்பி, வடக்கு அம்பு இல்லாத மேப்பு தாலி இல்லாத கல்யாணம். போடு.”

நான் கணினியில் உட்கார்ந்து ஒரு அம்பு போட்டேன். தீப்பெட்டி அளவு இருந்தது. போதாது என்றார். பெரிதாக்கினேன். இன்னும் என்றார். விசிட்டிங் கார்டு அளவுக்கு வந்ததும்தான் முகத்தில் சிரிப்பு வந்தது. அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியும் ஒரு வண்டி அல்லது கடை. புரொபசர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை வரைபடத்தின் மேல் ஓட்டி, ஒரு முனையில் நிறுத்தினார்.

“இந்த மூலை காலியா இருக்குது பாரு. இங்க போடு.”

போட்டேன். அச்சடித்தேன். கையெழுத்துப் போட்டார். தன் வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு ஒரு பிரதி ஃபிரேம் போட்டும் வாங்கிக்கொண்டார்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். அடுத்த நாள் காலை ஐந்தேகாலுக்கு நாங்கள் போனபோது சுகுணா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவள் கரண்டியைக் கீழே வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பட்டியலைப் போனில் படம் பிடித்து வந்திருந்தாள்.

“இன்னும் பன்னெண்டு நாளுதான் சார் இருக்குது. ஆட்சேபனை இருந்தா எழுதிக் குடுன்றாங்க. நான் என்னா எழுதறது?”

புரொபசர் பெருமூச்சு விட்டார். முகம் வகுப்பறை முகமாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன். “இதுக்கு எங்க படிப்புல ஒரு பேரு இருக்குதும்மா. அதாவது ஒரு நகரத்துல...”

“அந்தப் பேரு இருக்கட்டும் சார். என் பேரு இருக்குதா பாருங்க.”

போனை வாங்கி, நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். இட்லி ஆறிப்போயிற்று. “எந்த முட்டாப்பய பண்ண வேலை இது?” என்று சத்தம் போட்டார். வரிசையில் நின்ற நாலைந்து பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இருமினேன்.

அன்றைக்கு ஆறு பத்தில் ஏறி, பாதி நாள் விடுப்புப் போட்டு மதியமே திரும்பி, நேராக என் கடைக்கு வந்தார். வரைபடத்தைத் திறக்கச் சொன்னார். பெரிதாக்கச் சொன்னார். சிப்காட் முனை, கம்பெனி மதில் சுவர், பஸ் நிற்கிற வளைவு, வேப்ப மரம். வேப்ப மரத்தடியில் சுகுணாவின் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது வடக்கு அம்பு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். மறைத்துவிட்டு, இது என்ன சோறு மேடாக இருக்கிறது என்று தானே கேட்பவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நீங்கதான் சார் சொன்னீங்க, மூலை காலியா இருக்குதுன்னு.”

“நீ சொல்லியிருக்கலாம்லப்பா?”

நியாயம்தான். நானும் அதே இடத்தில் அன்று காலை ரெண்டு தோசை தின்றுவிட்டு வந்துதான் அம்பை நட்டிருந்தேன். காலை பத்து மணிக்கு அந்த முனைக்குப் போனால் மரமும் நிழலும்தான் இருக்கும். சுகுணா ஏழேகாலுக்கெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். அவளைப்போல ஷிஃப்ட் பஸ்ஸை நம்பி வந்து போகிற இன்னும் பதினோரு வண்டிகளும் விட்டுப்போயிருந்தன. புரொபசர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறிக்கையின் ஆறாம் பக்கத்தைக் கேட்டு வாங்கினார். 10.00, 5.00. சிவப்பு மையில் அவர் கையெழுத்தில் வைத்த புள்ளிகளைப் பார்த்தார். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

மாநகராட்சி ஆபீசில் போய்க் கேட்டதற்கு, “ஆனைக்கும் அடி சறுக்கும் சார், வுடுங்க” என்றார்கள். வேண்டுமென்றால் மறுபடி ஒரு காலை கணக்கெடுக்கலாம். ஆனால், கணக்கெடுத்த முறையே தப்பு என்று ஆலோசகர் எழுத்துமூலமாகக் கொடுத்தால்தான் முடியும். அந்தக் கடிதம் அறிக்கையோடு சேர்ந்து இணையத்திலும் ஏறும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கம்பாலா உட்பட.

ஏழு வரைவு தட்டச்சு செய்தேன். முதல் வரைவில் ‘சில பிழைகள் நேர்ந்திருக்க வாய்ப்புள்ளது’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘நேர அட்டவணை தொடர்பாக ஒரு குறைபாடு கவனத்துக்கு வந்துள்ளது’. மூன்றாவது இரண்டரைப் பக்கம் வந்தது, அதில் ஒரு பக்கம் லுசாக்காவைப் பற்றி. நாலாவதை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி செல்வம்மாளிடம் காட்டினார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். படித்துவிட்டு, “தப்ப செஞ்சது யாருங்க? இதப் படிச்சா ஏதோ காத்துக் கருப்பு செஞ்ச மாதிரி இருக்குது” என்றாராம். மறுநாள் கடைக்கு வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, ஐந்தாவதைத் தொடங்கினார்.

அந்த நாட்களில் காலை ஐந்தேகாலுக்கு நீலக் கிரேட் வெளியே வரவில்லை. சுகுணா சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. கிரேட்டில் தக்காளியைக் கொட்டி வைத்திருந்தாள், அவ்வளவுதான். “வரிசைல வாங்க சார், எல்லாரும் ஷிஃப்ட்டுக்குப் போவணும்” என்றாள். புரொபசர் தட்டை ஏந்திக்கொண்டு ஒரிசாப் பையன்களுக்குப் பின்னால் நின்றார். வரிசையில் நின்றுகொண்டு எண்ண முடியாது போலிருக்கிறது, டிக் சத்தமும் நின்றுபோயிற்று.

மூன்றாம் நாள் அவருக்குத் தட்டு நீட்டும்போது, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“சார், அந்த ஆப்பிரிக்கா அம்மா புள்ளைங்க நாலு பேரும் எங்க படிக்கிறாங்கன்னு எனக்கே தெரியும். ஆறு வருசமா எங்கிட்ட துண்றீங்களே, எங்க வூட்டுக்காரர் பேரு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். ஆப்பிரிக்காவின் மூன்று தலைநகரங்களில் சந்து பொந்தெல்லாம் தெரிந்த வாய்.

“காட்டோரம் நாட்றாம்பாளையத்துல எங்க நெலம் யானைக்குப் போச்சு. அத வுட்டுட்டுத்தான் இங்க வந்தோம். இந்த மரத்தடியும் போச்சுன்னா அப்பறம் போறதுக்கு எடம் இல்ல சார். சட்னி போதுமா?”

போதும் என்று தலையாட்டினார். அன்றைக்குத் தட்டில் பாதி மிச்சம் இருந்தது. சாயங்காலம் கடைக்கு வந்து, “டைப் பண்ணுப்பா” என்று நின்றுகொண்டே சொன்னார். ஆறாவதில் ஒரு சொல் அதிகம் என்று கிழித்தார். ஏழாவது ஐந்தே வரி.

‘கணக்கெடுப்பு நேரத்தை நான் படித்தேன். அதில் புள்ளி வைத்துத் திருத்தியும் கொடுத்தேன். தப்பு என்னுடையது. வடக்கு அம்பு இருக்கும் இடத்தில் ஆறு வருடமாக நான் தினமும் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறேன். அங்கே வருகிறவர்களின் எண்ணிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’

இணைப்பாகப் பதினொரு குட்டி நோட்டுகள். ஆறு வருடக் காலைகள். ஜெராக்ஸ் எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இருபத்தேழு வருடத்தில் யாரும் காசு கொடுக்காமல் அவர் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. கடிதம் இணையத்தில் ஏறிய மறுநாளே பெங்களூரில் ஒருவர் அதன் கீழே ‘நாலாவது அத்தியாயம் நினைவிருக்கிறதா?’ என்று எழுதியிருந்தார். புரொபசர் எனக்குப் போனில் காட்டினார். “நம்ம ஸ்டூடண்ட்டுதான். நல்லாப் படிச்சிருக்கறான்” என்றார்.

மறு கணக்கெடுப்புக்கு ஒரே ஒரு காலைதான் கொடுத்தார்கள், ஏப்ரல் இருபத்தெட்டு. ஐந்து மணிக்கே ஹரீஷ்குமார் தூக்கம் கலையாத கண்ணோடு வந்துவிட்டான். ஒவ்வொரு வண்டியையும் படம் எடுத்து, காகித வரைபடத்தில் இடத்தைக் குறித்து, ஆலோசகரும் அவனும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் போய்ப் பதினோரு வண்டிகளைப் பச்சை மையில் குறித்துவிட்டு ஐந்தே முக்காலுக்கு வேப்ப மரத்தடிக்கு வந்தார்கள். வண்டியைச் சுற்றிக் காலை ஷிஃப்ட் கூட்டம். நைட் ஷிஃப்ட் வெளியே வருவதற்குள் முடித்துவிடலாம் என்று ஹரீஷ்குமார் வரைபடத்தைப் பிரித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் அவசரத்தில் பழைய ஃபைலையே அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். வேப்ப மரத்தடியில் வடக்கு அம்பு, விசிட்டிங் கார்டு அளவுக்கு, கரிக்கட்டைக் கறுப்பில்.

“சார், இதுல குறிக்க எடமே இல்லியே” என்றான் ஹரீஷ்குமார். “பக்கத்து ஓரத்துல எழுதி ஒரு கோடு இழுத்துக்கட்டுமா?”

“ஓரத்துல எழுதினா நாளைக்கு ஓரத்துலயேதான் நிப்பாட்டுவான்” என்றார் புரொபசர். “கடை எங்க இருக்குதோ அங்க எழுது.”

“அங்க வடக்கு இருக்குது சார்.”

கடை திறந்து மறுபடி அச்சடித்து வருகிறேன் என்றேன். மெஷின் சூடாவதற்கே அரைமணி ஆகும், அதற்குள் அவருடைய ஆறு பத்து பஸ் போய்விடும் என்று எனக்கே தெரியும். சுகுணா இரண்டு தோசைகளுக்கு நடுவில் எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, கிரேட்டிலிருந்த தக்காளியை ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, காலாலேயே கிரேட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

புரொபசர் அதில் உட்காரவில்லை. கவிழ்த்துப் போட்டு, மேலே வரைபடத்தை விரித்து, மண்ணில் குந்திக்கொண்டார். பையைத் திறந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் பச்சை மையால் நிறுத்தி எழுதினார்: ‘சுகுணா, க/பெ திம்மராயன். காலை 4.45 முதல் 7.15 வரை.’ அந்தப் பெயரை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ, என்னிடம் கேட்கவில்லை.

“கொஞ்சம் மாவு குடும்மா.”

சுகுணா கரண்டியின் முனையில் தோசை மாவு கொடுத்தாள். அவர் கார்டைத் திருப்பி, தன் பெயர், பட்டம், பதவி என்று நாலு வரியின் மீதும் ஒரு பொட்டு விடாமல் மாவைத் தடவினார். வடக்கு அம்பின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

பெங்களூர் பஸ் வளைவில் திரும்பியது. மணி ஆறு பத்து. வழக்கமாகக் கை நீட்டுகிறவர் நீட்டாததால் டிரைவர் வேகத்தைக் குறைத்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கண்டக்டர் படியில் நின்று, “சார்! பர்த்தீரா, வர்லியா சார்?” என்று பாதி கன்னடத்தில் கூப்பிட்டார்.

புரொபசர் தலையைத் தூக்கவில்லை. மாவு இன்னும் காயவில்லை. கட்டைவிரலை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தார்.